வெளியே தெரியாத எம்மிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டிலேயே ஆல்டரேஷன் வேலை எடுத்துச் செய்கிறேன். பேண்ட் நீளம் குறைப்பது, பாவாடை ஓரம் மடிப்பது, புடவையின் கீழ் ஓரத்துக்கு உள்பக்கம் ஃபால்ஸ் துணி வைப்பது, டெய்லர் கடைகளிலிருந்து வரும் ஜாக்கெட்டுக்கு எம்மிங் (மடித்த ஓரத்தைக் கையால் தைப்பது), ஊக்கு என்று எல்லாம் உண்டு. துணி கொடுக்க வருகிறவர்களும் கற்றுக்கொள்ள வருகிற பெண்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் என்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் மட்டும் குழி விழுவது பற்றிய கேள்வியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

அக்கா, ஜாக்கெட்டுக்குப் போடுகிற எம்மிங்கும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. ஜாக்கெட் கழுத்துக்கும் கைக்கும் போடும் சாதா எம்மிங்கில் ஊசி மடிப்பின் விளிம்பையும் துணியையும் சேர்த்துச் சாய்வாகக் குத்திக்கொண்டே போகும். உள்ளே சாய்ந்த கோடுகள் வரிசையாகத் தெரியும், வெளியே புள்ளி புள்ளியாக இருக்கும். ஜாக்கெட்டுக்கு அது போதும், உறுதியும்கூட. நான் இங்கே சொல்வது நூல் மடிப்புக்கும் துணிக்கும் நடுவிலேயே ஓடுகிற தையல். வெளியே தெரிகிற நல்ல பக்கத்துத் துணியில் ஓர் இழையை மட்டும் தொட்டுவிட்டுத் திரும்பி மடிப்புக்குள் போய்விடும், உள்பக்கம் புரட்டிப் பார்த்தால்கூட நூல் சட்டென்று கண்ணில் படாது.

முழுக்க முழுக்கத் தெரியாதா என்றால், மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தால் தெரியும்தான். ஒரு முழம் தள்ளி நின்று பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

எல்லாத் துணிக்கும் இப்படித்தான் தைக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். ஒரே நிறத்தில் இருக்கும் துணி, பளபளப்பான துணி, நன்றாக விழ வேண்டிய துணி, விலை அதிகமான துணி, இதற்கெல்லாம் இந்தத் தையல். பொடிப்பூ பிரிண்ட் போட்ட நைட்டிக்கு இதைப் போட்டு உட்கார்ந்திருந்தால் நேரம்தான் வீண், மிஷினில் ஒரு ஓட்டு ஓட்டிவிடுங்கள். ஜீன்ஸுக்கும் வேண்டாம், அதன் ஓரத்தில் தையல் தெரிவதுதான் அழகே.

எந்த ஊசி, என்ன நூல்?

கைத்தையல் ஊசியில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். மிஷின் ஊசிக்கு நேர் எதிர், அங்கே 11 மெலிசு, 18 தடிமன். இது தெரியாமல் கடையில் "சின்ன நம்பர் கொடுங்க" என்று கேட்டு, சாக்குத் தைக்கிற மாதிரி ஒன்றை வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். கை ஊசியில் 9, 10 கேளுங்கள். பட்டு, ஷிஃபானுக்கு 10. கொஞ்சம் கனமான பேண்ட் துணிக்கு 8கூடப் போதும். லாங் பஜார் பக்கம் தையல் சாமான் விற்கும் கடைகளில் பல நம்பரும் கலந்த பாக்கெட் கிடைக்கும், முதலில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு உங்கள் கைக்கு எது ஒத்துவருகிறதோ அதையே பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

நூல் ஒற்றையாகத்தான் இருக்க வேண்டும். இரட்டை நூலில் தைத்தால் உறுதி என்று நினைக்கிறார்கள், ஓரத்துக்கு அந்த உறுதி தேவையே இல்லை. இரட்டை நூல் தடித்துக்கொண்டு வெளியே கோடு காட்டும், நடுவில் முறுக்கிக்கொண்டு முடிச்சும் விழும். நீளம் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, சுமார் 18 இஞ்ச். அடிக்கடி கோர்க்கச் சோம்பல்பட்டு ஒன்றரை மீட்டர் விட்டுக்கொண்டால் ஒவ்வொரு குத்துக்கும் கையைக் கூரை வரை தூக்க வேண்டும், போதாததற்கு நூலும் உரசி உரசிப் பஞ்சாகிவிடும்.

முறுக்கிக்கொள்வது நிற்கவில்லை என்றால் கண்டிலிருந்து வெட்டிய முனையில் முடிச்சுப் போட்டு, மறுமுனையை ஊசியில் கோருங்கள். அப்படியும் அடங்காத நூலைத் தேன்மெழுகுக் கட்டி மேல் ஒரு முறை இழுத்துவிட்டால் படிந்துவிடும். வெளிர்நிறப் பட்டுக்கு மட்டும் மெழுகு வேண்டாம், இஸ்திரிச் சூட்டில் உருகிக் கறை விடலாம்.

நூல் நிறம் துணியோடு பொருந்தவில்லை. என்ன செய்வது?

கண்டில் பார்க்கும் நிறத்தை நம்பாதீர்கள். கண்டில் நூல் அடுக்கடுக்காக இருப்பதால் அடர்த்தியாகத் தெரியும், ஒற்றை இழையாகப் பிரித்தால் வெளுத்துவிடும். ஓர் இழையை உருவித் துணி மேல் போட்டு, வாசல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட் வெளிச்சம் நிறத்தை மாற்றிக் காட்டும். சரியான நிறம் இல்லாவிட்டால் ஒரு சாயல் அடர்ந்ததை எடுங்கள், வெளிர்ந்தது வேண்டாம். கட்டம் போட்ட துணியாக இருந்தால் எந்த நிறம் அதிகமோ அந்த நிறம்.

சரி, எப்படித் தைப்பது? ஆரம்பத்திலிருந்து சொல்லுங்கள்.

ஆரம்பம் இஸ்திரிப் பெட்டியில். காட்டன் துணி என்றால் அதற்கும் முன்னால் ஒரு தண்ணீர் காட்டிக் காயவைத்துவிடுங்கள், தைத்த பிறகு சுருங்கினால் ஓரம் மொத்தமும் இழுத்துக்கொள்ளும். மடிக்க வேண்டிய இடத்தைச் சாக்பீஸால் குறித்து, அந்தக் கோட்டிலேயே மடித்து இஸ்திரி போடுங்கள். மடிப்பின் வெட்டுமுனை பிசிறு விடாமல் இருக்க ஓவர்லாக் அடிக்கலாம், மெல்லிய துணி என்றால் கால் இஞ்ச் உள்ளே மடக்கிவிடலாம். தடித்த துணியை மடக்காதீர்கள், மூன்று மடிப்புச் சேர்ந்து மேடு கட்டும். அப்புறம் விளிம்புக்கு அரை இஞ்ச் கீழே நீள நீளமாக ஓட்டுத் தையல் போட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். குண்டூசியும் போதும், ஆனால் மடியில் வைத்துத் தைக்கிறவர்களுக்கு ஓட்டுத் தையல்தான் நல்லது, தொடையில் குத்தாது.

இனி தையல். துணியின் உள்பக்கம் மேலே தெரிய மடியில் வைத்துக்கொண்டு, மடிப்பின் விளிம்பைக் கால் இஞ்ச் அளவுக்கு உங்கள் பக்கமாகத் திருப்பிப் பிடியுங்கள். திருப்பிய விளிம்புக்கும் உடல் துணிக்கும் நடுவே ஒரு சந்து தெரியும், நூல் ஓடப்போவது அந்தச் சந்தில்தான். வலது கைக்காரர்கள் வலமிருந்து இடமாகப் போக வேண்டும். முடிச்சை மடிப்புத் துணியில் மறைத்துவிட்டு, கால் இஞ்ச் இடதுபக்கம் தள்ளி உடல் துணியில் ஊசியைப் படுக்கவைத்து நுனியால் ஓர் இழையை மட்டும் ஏந்துங்கள். ஊசியை உடனே இழுத்துவிடாமல் ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள். ஊசி மேல் ஒரு முடி கிடக்கிற மாதிரி அந்த இழை குறுக்கே கிடக்கும், அதன் இரண்டு பக்கமும் ஊசியின் வெள்ளை மின்னும். அப்படித் தெரிந்தால் சரி. பட்டையாகத் துணி ஏறியிருந்தால் ஊசியைப் பின்னால் உருவிவிட்டு மறுபடி எடுங்கள். அடியில் இடது கை ஆட்காட்டி விரல் இருக்கட்டும், ஊசி அந்த விரலில் நறுக்கென்று குத்தினால் ஆழம் அதிகம்.

அதிலிருந்து இன்னொரு கால் இஞ்ச் தள்ளி மடிப்புத் துணியில் இரண்டு மூன்று இழை தாராளமாக எடுங்கள், அது வெளியே தெரியப்போவதில்லை. மறுபடி உடல் துணியில் ஓர் இழை, மறுபடி மடிப்பில். இப்படி மாறி மாறி. நான்கைந்து இஞ்சுக்கு ஒரு முறை மடிப்புத் துணியில் மட்டும் ஒரு கெட்டித் தையல் (ஒரே இடத்தில் இரண்டு முறை குத்துவது) போட்டுப் போங்கள். நாளைக்கு எங்கேயாவது நூல் அறுந்தால் அந்த நான்கு இஞ்சோடு நின்றுவிடும், முழு ஓரமும் பிரிந்து தொங்காது.

நான் தைத்தால் வெளியே குழி குழியாகத் தெரிகிறதே?

நூலை இறுக்குகிறீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதில்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

மற்ற தையல்களில் நூலை இழுத்து இறுக்கியே பழகியிருப்போம், கை தானாக இழுக்கும். இந்தத் தையலில் நூல் துணியைப் பிடித்து வைக்கக் கூடாது, மடிப்பு கீழே விழாமல் தாங்கினால் போதும். இறுக்கிய உடனே அந்த ஓர் இழை உள்ளே இழுபட்டுச் சின்னக் குழி விழும், அந்தக் குழியில் நிழல் தங்கும், கண்ணுக்குப் படுவது நூல் அல்ல, அந்த நிழல்தான். நூல் நிறம் எவ்வளவு பொருந்தினாலும் குழி காட்டிக்கொடுத்துவிடும். ஒவ்வொரு குத்துக்குப் பிறகும் நூல் மட்டமாகப் படிந்த உடனே நிறுத்துங்கள், அதற்கு மேல் இழுக்காதீர்கள். ஒரு முழம் தைத்ததும் ஓரத்தின் இரண்டு முனையையும் பிடித்து நீளவாக்கில் லேசாக இழுத்துவிடுங்கள், எங்கெல்லாம் இறுகியிருக்கிறதோ அங்கெல்லாம் நூல் நகர்ந்து சமமாகும். அப்படி இழுக்கும்போது டக்கென்று அறுந்தால் எவ்வளவு இறுக்கியிருக்கிறீர்கள் என்று புரிந்துவிடும்.

இறுக்காமலும் தெரிகிறது என்றால், ஒன்று ஊசி அதிக இழைகளை எடுத்திருக்கும், அல்லது இஸ்திரி. ஆமாம், தைத்து முடித்த பின் மடிப்பின் மேல் விளிம்போடு சேர்த்துப் பெட்டியை அழுத்தினால் அந்த விளிம்பின் மேடு அப்படியே நல்ல பக்கத்தில் கோடாக விழும். தையலைப் பிரித்து என்ன பயன், தப்பு தையலில் இல்லையே. மடிப்புக்கும் உடல் துணிக்கும் நடுவில் ஒரு நீளமான காகிதத் துண்டைச் செருகிவிட்டு இஸ்திரி போடுங்கள், அல்லது கீழ் மடிப்பை மட்டும் அழுத்திவிட்டு மேல் விளிம்பைத் தொடாமல் விடுங்கள். பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுக்க வேண்டும்.

எத்தனை இஞ்ச் மடிக்க வேண்டும்?

பேண்டுக்கு ஒன்றரை, நேர் பாவாடைக்கு இரண்டு, குர்த்திக்கு முக்கால் முதல் ஒன்று. ஓரம் எவ்வளவு வளைவோ அவ்வளவு குறைவாக மடிக்க வேண்டும், குடைப் பாவாடைக்கு அரை இஞ்ச் போதும். கனம் குறைந்த துணிக்குக் கொஞ்சம் அதிகமாக மடித்தால் அந்த எடைக்கே துணி நேராக விழும்.

காலேஜ் இன்டர்வியூவுக்கு ஃபார்மல் பேண்ட். கடையில் மிஷினில் அடித்துக் கொடுத்துவிட்டார்கள், கோடு தெரிகிறது.

வளாகத் தேர்வு சீசனில் காட்பாடிப் பக்கத்துப் பிள்ளைகளிடமிருந்து வருகிற முதல் கேள்வி இதுதான். பிரித்துவிட்டுக் கையால் தைத்துக்கொள்ளலாம். ஷூவைப் போட்டுக்கொண்டு, பெல்ட்டும் கட்டிக்கொண்டு அளவு பாருங்கள், வெறுங்காலில் பார்த்தால் நீளம் தப்பும். முன்பக்கம் ஷூ மேல் லேசாகத் தொட வேண்டும், பின்பக்கம் கால் முதல் அரை இஞ்ச் வரை இறங்கியிருக்கலாம். அளவை நீங்களே குனிந்து பார்க்க முடியாது, குனிந்தால் பேண்ட் மேலே ஏறிவிடும், அறைத் தோழனைக் கூப்பிடுங்கள்.

கால் பக்கம் குறுகி வருகிற பேண்டில் மடித்த துணி உள்ளே போதாமல் இழுக்கும். பக்கத் தையலை மடிப்பு இருக்கிற உயரத்துக்கு மட்டும் பிரித்துவிட்டால் சரியாகிவிடும். இன்னொன்று, பேண்ட் போடும்போது கால் விரல் ஓரத்தில் மாட்டும். அதனால் பேண்டுக்கு மட்டும் தையலை நெருக்கமாகப் போடுங்கள்.

பிள்ளைகளின் யூனிஃபார்ம்?

ஜூனில் எடுக்கும் பாவாடையும் பேண்டும் அடுத்த ஜூனுக்குள் ஏறிவிடும், அதனால் மூன்று இஞ்ச் வரை உள்ளே விட்டுத் தையுங்கள். கைத்தையலின் பெரிய லாபமே இங்கேதான், பிரிக்கும்போது மிஷின் தையல் மாதிரி ஓட்டை வரிசை தெரியாது. அரசுப் பள்ளிக்கு மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கிற சீருடை பொது அளவில் வருவதால் சில பிள்ளைகளுக்கு நீளமாக இருக்கும். தயவுசெய்து வெட்டாதீர்கள், மடித்து எம்மிங் போட்டுவிட்டு வளர வளர இறக்குங்கள்.

பட்டுப்பாவாடைக்குப் பழைய வழியே நல்ல வழி. உள்பக்கம் டக் (குறுக்கு மடிப்பு) பிடித்து, அந்த டக்கைக் கையால் ஓட்டுத் தையலாகப் போட்டால் வருஷத்துக்கு ஒன்று பிரித்து இறக்கிக்கொள்ளலாம். மிஷினில் டக் அடித்தால் பிரிக்கும்போது பட்டில் துளை அப்படியே நிற்கும்.

ஆரணிப் பட்டுக்கு ஃபால்ஸ் வைக்க வேண்டும். மிஷினா, கையா?

கை. ஆரணி இப்போது திருவண்ணாமலை மாவட்டம், 1989இல் வடாற்காட்டைப் பிரித்தபோது அந்தப் பக்கம் போனது, ஆனால் இங்கே கல்யாணம் என்றால் பஸ் ஏறிப் போய் எடுக்கிற பட்டு இன்னமும் அதுதான். அப்படி எடுத்து வந்த புடவையை மிஷினுக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது.

ஃபால்ஸ் துணி இரண்டரை முதல் மூன்று மீட்டர் நீளம், சுமார் 5 இஞ்ச் அகலம் இருக்கும். காட்டன் என்பதால் கட்டாயம் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் வைத்த ஃபால்ஸ் முதல் நனைப்பிலேயே சுருங்கிப் புடவையின் ஓரத்தைச் சுருட்டிவிடும். புடவை உடுத்தும்போது உள்ளே செருகுகிற முனையில் ஒரு சாண் விட்டு, உள்பக்கத்தில், கீழ்க்கரையோடு ஒட்டி ஃபால்ஸைப் பரப்புங்கள். புடவையை மேஜையிலோ பாய் மேலோ விரித்து வைத்துத்தான் பொருத்த வேண்டும், மடியில் வைத்தால் ஒரு துணி இழுபட்டு இன்னொன்று தொங்கும்.

கீழ்ப்பக்கம் கரையின் விளிம்பில் நெருக்கமான ஓட்டுத் தையல், அங்கே தெரிந்தாலும் யாரும் பார்க்கப்போவதில்லை. கவனம் மேல்பக்கத்துக்கு. ஃபால்ஸின் மேல்விளிம்பு கரையும் உடலும் சேர்கிற கோட்டுக்கு நேராகவே விழுமானால் யோகம், அந்தக் கோட்டுக்குள்ளேயே ஊசியை விட்டு எடுத்தால் தையல் நெசவோடு போய்விடும். கரை அகலமாக இருந்து விளிம்பு ஜரிகை மேல் விழுந்தால் ஜரிகையைக் குத்தாமல், பக்கத்தில் ஓடும் பட்டிழையை எடுங்கள். ஜரிகை குத்துப்பட்டால் நிமிர்ந்துகொண்டு உடுத்தும்போதெல்லாம் உறுத்தும். விளிம்பு உடல் பகுதியில் விழுந்தால் உடல் நிற நூல், கரையில் விழுந்தால் கரை நிற நூல். ஒரே புடவைக்கு இரண்டு நிற நூல் தேவைப்படுவது சாதாரணம். வளையலைக் கழற்றிவிட்டு உட்காருங்கள், கண்ணாடி வளையல் ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் அது நூலை விடப் பளிச்சென்று தெரியும்.

அனார்கலி ஓரம் ஒரு பக்கம் தாழ்ந்து, ஒரு பக்கம் ஏறி நிற்கிறது.

தைக்கும் முன் தொங்கவிடவில்லை. வட்டமாக வெட்டிய துணியில் சில இடங்கள் கிராஸில், அதாவது இழைக்குச் சாய்வாக வரும், அந்த இடங்கள் சொந்த எடையிலேயே இறங்கும். ஹேங்கரில் ஒரு ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டு, மறுநாள் போட்டுக்கொண்டு, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சுற்றிலும் ஒரே உயரத்தில் குறித்து, அப்புறம் வெட்டி மடிக்க வேண்டும். மடிக்கும்போது விளிம்பு அதிகமாகிச் சுருங்கும், அதற்கு விளிம்பிலேயே ஓர் ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்துச் சமமாகச் சுருக்கி, இஸ்திரியில் அடக்கிவிட்டுத் தையுங்கள்.

ஷிஃபான் ஷால் ஓரத்தை நூல் தெரியாமல் மடிக்க முடியுமா? மிஷினில் ஓரத்தை நெருக்கமாக அடிக்கிற பீக்கோ போட்டால் விறைப்பாக இருக்கிறது.

முடியும், சுருட்டித் தைப்பது என்று பெயர். வெட்டுமுனையைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினால் மெல்லிய கயிறு போல் சுருளும், விரலை லேசாக ஈரப்படுத்திக்கொண்டால் சீக்கிரம் சுருளும். சுருளுக்குக் கீழே துணியில் ஓர் இழை, சுருளுக்குள்ளே கால் இஞ்ச் ஓட்டம், மறுபடி ஓர் இழை. இதை மட்டும் நான்கைந்து குத்துவரை தளர்வாகவே விட்டுப் போய், பிறகு நூலை மெதுவாக இழுத்தால் எல்லாம் உள்ளே போய்ச் சுருளும் மூடிக்கொள்ளும். இழுத்த பிறகும் சுருக்கம் தெரிந்தால் விரலால் நீவித் தளர்த்திவிடுங்கள். ஃபேன் காற்றில் இந்த வேலை நடக்காது. வேலூர் மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காரச் சொல்கிற பாவம் எனக்கு வேண்டாம், விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புர்கா நீளம் குறைக்க வேண்டும். கறுப்புத் துணியில் ஒன்றுமே தெரியவில்லை.

மேல்விஷாரம், ஆம்பூர் வரைக்கும் எல்லா டெய்லருக்கும் இருக்கிற தலைவலி இது. கறுப்புத் துணி, கறுப்பு நூல், ராத்திரி வேலை மூன்றும் சேரக் கூடாது. பகலில், ஜன்னல் வெளிச்சம் இடதுபக்கமிருந்து விழுகிற மாதிரி உட்கார்ந்து, மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள், ஊசி நுனி தெரியும். மடிப்பை நிறுத்தி வைக்கும் ஓட்டுத் தையலை வெள்ளை நூலில் போட்டால் கோடும் தெரியும், பிரிப்பதும் சுலபம். சின்தடிக் கிரேப் என்பதால் இஸ்திரிச் சூடு குறைவாக, மேலே ஒரு காட்டன் துணி போட்டு. நேரடியாக வைத்தால் பளபளவென்று தேய்ந்த தடம் விழும், அது போகவே போகாது. நீளம், செருப்புப் போட்டு நின்றால் தரைக்கு ஓர் இஞ்ச் மேலே. வேலைப்பாடு கீழ் ஓரத்தில் இருந்தால் ஓரத்தைத் தொடாமல் வேறு இடத்தில்தான் குறைக்க வேண்டும், அது எம்மிங் வேலை இல்லை, நல்ல டெய்லரிடம் கொடுங்கள்.

டி-ஷர்ட், லெகின்ஸ் மாதிரி இழுபடும் துணிக்கு?

மேலே சொன்ன தையல் இழுத்ததும் அறுந்துவிடும். மீன்முள் தையல் போடுங்கள். ஊசி முனை இடதுபக்கம் பார்க்க, வேலை இடமிருந்து வலமாகப் போகும். மடிப்பில் ஒரு குத்து, துணியில் ஒரு குத்து என்று குறுக்கும் நெடுக்குமாக நூல் பின்னிக்கொண்டு போவதால் துணி இழுபடும்போது நூலும் விரிந்து கொடுக்கும். லைனிங் வைத்த கனமான துணிக்கும் இது நல்லது. ஆனால் லைனிங்கைத் தனியாக, ஓர் இஞ்ச் குட்டையாகத்தான் மடிக்க வேண்டும், இரண்டையும் சேர்த்துத் தைத்தால் உப்பிக்கொள்ளும்.

குடியாத்தம் கைலி வாங்கினேன், மூட்டாமல் கொடுத்துவிட்டார்கள். இந்தத் தையலில் மூட்டலாமா?

கூடாது. கைலி மூட்டும் இடத்தில் காலை அகட்டி வைக்கும்போதும் சம்மணம் போடும்போதும் இழுப்பு விழும், ஓர் இழை பிடித்த தையல் அன்றைக்கே போய்விடும். கட்டத்தோடு கட்டம் பொருத்தி, இரண்டு முனையையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து, மிஷினில் இரண்டு வரி ஓட்டுங்கள்.

மிஷினிலேயே இப்படித் தைக்க முடியாதா? பசை டேப் ஒட்டினால்?

ஜிக்ஜாக் வசதியுள்ள மிஷினில் அதற்கான தனிப் பாதம் மாட்டித் தைக்கலாம், பெரிய ஆயத்த ஆடை யூனிட்களில் இதற்கென்றே தனி மிஷின் இருக்கிறது. நம் வீடுகளில் இருக்கும் கறுப்பு மிதி மிஷின் நேர்த்தையல் மட்டும்தான் போடும். மிஷினில் போட்ட ஓரமும் பரவாயில்லாமல் இருக்கும், கையால் போட்ட அளவுக்குத் துணி விழாது.

இஸ்திரியில் ஒட்டும் டேப் அவசரத்துக்கு ஓகே. நாளைக் காலை விழாவுக்குப் போக வேண்டும், ஊசி பிடிக்கத் தெரியாது என்றால் ஒட்டுங்கள். துவைக்கத் துவைக்க விட்டுப்போகும், மெல்லிய துணியில் விறைப்பாக நிற்கும், ஷிஃபானில் பசை வெளியே கசியும். பிரித்த பிறகு அந்தப் பசையின் மேல் கைத்தையல் போடுவது பெரிய தொல்லை, ஊசி பிசுபிசுவென்று நகராது. அப்படி வருகிற துணிக்கு நான் கூலி கூட்டித்தான் வாங்குகிறேன்.

கை வியர்த்து ஊசி நகர மாட்டேன் என்கிறது.

இந்த ஊர் வெயிலுக்கு எல்லாருக்கும் உள்ள பிரச்சினை. பக்கத்தில் காய்ந்த துணி வைத்துக் கையைத் துடைத்துக்கொள்ளுங்கள், ஊசியை நாலு குத்துக்கு ஒரு முறை உலர்ந்த துணியில் குத்தி எடுங்கள். வெள்ளைத் துணிக்கும் பட்டுக்கும் பவுடர் போட்டுக்கொண்டு உட்காராதீர்கள், வியர்வையோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். முக்கியமானது, பாதியில் எழுந்து போகும்போது ஊசியைத் துணியிலேயே குத்திவிட்டுப் போகக் கூடாது. வியர்வைப் பட்ட ஊசி ஒரே ராத்திரியில் துருப்பிடித்துப் புள்ளி வைத்துவிடும், துருக்கறையை எடுக்கப் போராடுவதைவிட ஊசியை எடுத்து டப்பாவில் போடுவது சுலபம்.

ஊசியில் நூல் கோர்க்கவே கண் தெரியவில்லை, இதை நான் தைக்கலாமா?

தாராளமாக. நூல் முனையைச் சாய்வாக வெட்டி, ஊசியின் காதை நூலுக்குக் கொண்டுவாருங்கள், நூலை ஊசிக்குக் கொண்டுபோக வேண்டாம். கோர்க்கும் கம்பி சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. பேரப்பிள்ளைகள் ஸ்கூல் போகும் முன் பத்து ஊசியில் கோர்த்து வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், மத்தியானம் முழுக்க ஓடும். ஒரே இழை எடுத்திருக்கிறோமா என்று பார்ப்பதற்குத்தான் கண் வேண்டும், பழகினால் அதையும் விரலே சொல்லிவிடும்.

இடது கைக்காரி நான்.

எல்லாவற்றையும் திருப்பிக்கொள்ளுங்கள், இடமிருந்து வலம். மீன்முள் தையல் மட்டும் வலமிருந்து இடம்.

எவ்வளவு நாள் தாங்கும்?

துணி இருக்கும் வரை தாங்கிய ஓரங்களைப் பார்த்திருக்கிறேன். அடித்துத் துவைக்கும் கல்லுக்கும் பிரஷ்ஷுக்கும் ஓரத்தைக் காட்டாதீர்கள். வாஷிங் மெஷினில் போடும்போது உள்பக்கம் வெளியே திருப்பாமல், நல்ல பக்கம் வெளியே இருக்கும்படியே போடுங்கள், இல்லாவிட்டால் மற்ற துணியின் ஊக்கும் ஜிப்பும் தையலில் மாட்டும். ஓரிடத்தில் விட்டுப்போனால் அன்றைக்கே அந்த நாலு இஞ்சைத் தைத்துவிடுங்கள்.

இவ்வளவு சின்ன வேலைக்கு இவ்வளவு கூலியா?

பாவாடை ஓரத்தை மிஷினில் அடிக்க ஐந்து நிமிஷம், கையால் போட ஒரு மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரம் குனிந்திருந்த கழுத்துக்கும் சேர்த்துத்தான் கூலி. கட்டுப்படியாகவில்லை என்றால் மேலே எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேனே, நீங்களே தைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் என்றால் வந்து கேளுங்கள், அதற்குக் காசு வேண்டாம்.

பழைய மடிப்பைப் பிரித்து இறக்கினேன், பழைய கோடு போக மாட்டேன் என்கிறது.

கோடு அழுக்காலா, மடிப்பாலா, வெயிலாலா என்று முதலில் பாருங்கள். மடிப்பு ஓரத்தில் சேர்ந்த அழுக்கு என்றால் சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் போதும். மடிப்புத் தடம் என்றால் வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த துணியை மேலே போட்டு இஸ்திரி வையுங்கள், ஆனால் முதலில் உள்மடிப்பில் ஒரு மூலையில் வைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டு. பட்டுக்கு வினிகர் வேண்டாம். வெயிலில் வெளுத்த துணியில் உள்ளே இருந்த பகுதி மட்டும் புதிதாகத் தெரிகிறது என்றால் எதுவும் பலிக்காது. பாவாடையாக இருந்தால் அந்தக் கோட்டின் மேல் லேஸோ பைப்பிங்கோ வைத்து மறைக்கலாம். யூனிஃபார்ம் என்றால் ஸ்கூலில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், கோட்டோடு போட்டு அனுப்ப வேண்டியதுதான்.